உதவி: 5 பேர் பயணச் செலவுக் கணக்கு இடிக்கிறது, இன்றிரவே முடிக்க வேண்டும்

அவசரக்குடுக்கை:
பயணம் முடிந்து வந்தாயிற்று. விரிதாளில் எல்லாவற்றையும் ஏற்றி ஐந்தால் வகுத்துவிட்டேன். கடைசி வரிசையின் கூட்டுத்தொகை 0 வருகிறது. ஆனாலும் க, ர இருவரும் தங்கள் எண் தவறு என்கிறார்கள். சூத்திரத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். எங்கே பிழை?

விடாக்கண்டன்:
யார் எவ்வளவு கொடுத்தார்கள்? எண்ணே இல்லாமல் என்ன சொல்வது?

தாமரைத்தண்டு:
எல்லோரும் எல்லா நாளும் இருந்தீர்களா? நடுவில் யாராவது கிளம்பியிருந்தால் பிழை அங்கேதான். எப்போதும் அங்கேதான்.

கொடாக்கண்டன்:
தசமத்தைப் பாருங்கள். 100ஐ மூன்றால் வகுத்து 33.33 என்று எழுதினால், திரும்பக் கூட்டும்போது 99.99தான்.

பேரேடு (மூத்த உறுப்பினர்):
தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் வழக்கமே ஒழிந்துவிட்டது. கொடுத்ததிலிருந்து பங்கைக் கழியுங்கள். கூட்டினால் 0 வந்தால் கணக்கு சரி. உங்கள் நண்பர்களுக்குத்தான் கழித்தல் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அவசரக்குடுக்கை:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். க 18000, நான் 9000, ம 3000, ர 2000, வ ஒன்றுமில்லை. மொத்தம் 32000, ஆளுக்கு 6400. தாளின்படி க 11600 பெற வேண்டும், ர 4400 தர வேண்டும். க 10000 போதும் என்கிறார். ர 4000தான் தருவேன் என்கிறார். வ இரண்டு நாள் முன்பே கிளம்பிவிட்டார், ஆனாலும் சமமாகவே பிரிப்பதாகப் பேச்சு.

தாமரைத்தண்டு:
சொன்னேனா இல்லையா! வ இல்லாத இரவுகளுக்கு அவரிடம் ஏன் வாங்குகிறீர்கள்? 1973இல் லிட்டில்சைல்ட், ஓவன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விமான ஓடுபாதைச் செலவுக்கு இதைத்தான் காட்டினார்கள். ஓடுபாதையின் ஒவ்வொரு துண்டையும், அது தேவைப்படும் விமானங்கள் மட்டுமே சமமாகச் சுமக்க வேண்டும்.

விடாக்கண்டன்:
சிறிய விமானம் மட்டும் வந்தால் ஓடுபாதையைக் குட்டையாகவே கட்டலாம். முன்பதிவு செய்த அறை ஒருவர் கிளம்பியதால் சுருங்கிவிடுமா? அவர் போனதற்கு மற்ற நால்வர் ஏன் தண்டம் அழ வேண்டும்?

கொடாக்கண்டன்:
தசமத்தை விடுங்கள், இங்கே எல்லாம் முழு எண். ஆனால் பணம் வாங்க வேண்டியவரே குறைத்துக் கேட்கிறார். அவர் பேச்சில் ஏதோ இருக்கிறது.

நள்ளிரவு வாசகி:
ர அந்த 2000ஐ எதற்குக் கொடுத்தார், யாரிடம்?

அவசரக்குடுக்கை:
க-விடம். பயணத்தின் நடுவே, ரொக்கமாக, தன் பங்கில் கொஞ்சம் இருக்கட்டும் என்று. அதையும் செலவில் எழுதினேன்.

நள்ளிரவு வாசகி:
அதுதான் பிழை. அது செலவல்ல, கடன் அடைத்தது. செலவாக எழுதியதால் மொத்தம் 2000 வீங்கி, எல்லோர் பங்கிலும் 400 ஏறிவிட்டது. உண்மையான செலவு 30000, பங்கு 6000. க-வுக்கு 12000 வர வேண்டும், 2000 வந்துவிட்டது, மீதி 10000. ர 4000 தர வேண்டும். இருவரும் சொன்னது சரி. நீங்கள் பெற வேண்டியது 3000. ம 3000, வ 6000 தர வேண்டும். ம உங்களுக்கு அனுப்பட்டும், ர, வ இருவரும் க-வுக்கு. ஐந்து பேருக்கு அதிகபட்சம் 4 பரிமாற்றம் போதும். இங்கே உங்கள் எண்ணும் ம-வின் எண்ணும் தமக்குள்ளேயே தீர்ந்துவிடுவதால் 3.
தவறான தாளிலும் 0 வந்ததைக் கவனியுங்கள். எதை எழுதினாலும் சமமாக வகுத்துக் கழித்தால் 0 வரத்தான் செய்யும்.

பேரேடு (மூத்த உறுப்பினர்):
0 வருவது அவசியம் என்றேன், அதுவே போதும் என்று நான் சொல்லவில்லை.

கொடாக்கண்டன்:
"0 வந்தால் கணக்கு சரி." மேலே அப்படியே இருக்கிறது ஐயா.

தாமரைத்தண்டு:
அறையை விடுங்கள். அந்த இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவாவது? வ அதைச் சாப்பிடவே இல்லையே.

விடாக்கண்டன்:
சாப்பாடு என்றால் ஒப்புக்கொள்கிறேன். அறைக்கு இல்லை.

அவசரக்குடுக்கை:
சரியாகிவிட்டது, நன்றி. ம அனுப்பிவிட்டார். வ இந்த இழையைப் படித்துவிட்டு ஓடுபாதை என்று ஆரம்பித்திருக்கிறார்.