மூல நிரல் திறந்திருந்தால் போன் நம் கைக்கு வந்துவிடுமா?

தாழ்ப்பாள்:

தனியுரிமை முக்கியம் என்று மூச்சுக்கு மூச்சு பேசுகிறவர்களில் பாதிப் பேர் கையில் இருப்பது மூடிய மென்பொருள் ஓடும் போன், அதாவது எழுதிய வரிகளை (மூல நிரலை) வெளியே காட்டாத மென்பொருள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. பிடிக்காததை நீக்க முடியாது. தயாரித்தவர் நாளைக்கு மனம் மாறினால் தடுக்கவும் முடியாது. இதை எப்படி 'என் போன்' என்று சொல்கிறார்கள்?

பழைய கதைகள்தான், ஆனாலும் சொல்கிறேன். 2009-இல் அமேசான், காசு கொடுத்து வாங்கிய சில மின்னூல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. ஆனால் என் கருவிக்குள் வந்து எடுக்க யாரைக் கேட்டார்கள்? 2016-இல் ரிவால்வ். வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் இயக்கும் பெட்டி. கம்பெனியை வாங்கிய நெஸ்ட் சர்வரை நிறுத்தியது, பழுதே இல்லாத பெட்டிகள் ஒரே நாளில் குப்பையாகிவிட்டன.

2022-இல் செய்தியான அமெரிக்கத் தந்தையின் கதை இதைவிட மோசம். மருத்துவருக்கு அனுப்புவதற்காகக் குழந்தையின் நோய்த்தொற்றைப் படம் எடுத்தார். படம் தானாகவே கிளவுடுக்குப் போனது. கூகுள் அதைக் குழந்தைப் பாலியல் கொடுமைப் படமாகக் கருதிக் கணக்கை மூடியது. மின்னஞ்சல், வருடக்கணக்கான படங்கள், போன் எண் வரைக்கும் போயிற்று. குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று போலீஸ் சொன்ன பிறகும் கணக்கு திரும்பி வரவில்லை.

என் கட்சி இதுதான்: மூல நிரல் திறந்திருக்காத கருவியில் உங்கள் தனியுரிமை, தயாரித்தவர் பார்த்துக் கொடுக்கும் சலுகை. மறுப்பவர்கள் வரலாம்.

வெட்டிப்பேச்சு:

வந்துவிட்டேன்.

நிரல் திறந்திருப்பது ஒரு விஷயம். தரவு வெளியே போகாமல் இருப்பது வேறு விஷயம். கருவி நம் சொல்பேச்சு கேட்பது இன்னொன்று. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். ஆண்ட்ராய்டின் அடித்தளம் திறமூலம், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், எடுத்து மாற்றலாம். குரோமின் அடித்தளமான குரோமியமும் திறமூலம். அதனால் வேவு பார்ப்பது குறைந்துவிட்டதா?

உங்கள் கதைகளையே எடுத்துக்கொள்வோம். ரிவால்வ் பெட்டி செத்தது, அதன் மூளை கம்பெனியின் சர்வரில் இருந்ததால். அந்தத் தந்தையின் கணக்கு போனது, படங்கள் அடுத்தவர் கணினியில் இருந்ததால். அவர் முழுக்க முழுக்கத் திறமூலப் போன் வைத்திருந்து, அதே கிளவுடுக்கு அதே படத்தை ஏற்றியிருந்தாலும் இதே கதிதான்.

எறும்பு:

எல்லோரும் பார்க்கலாம் என்பதாலேயே, யாராவது பார்த்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் திறமூல மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை 2012 முதல் 2014 ஏப்ரல் வரை கண்ணெதிரேதான் கிடந்தது.

தாழ்ப்பாள் அண்ணே, உங்கள் போனில் ஓடுவதில் எத்தனை வரி நீங்களே படித்தீர்கள்?

தாழ்ப்பாள்:

ஒரு வரிகூட இல்லை. படிக்க நினைக்கிறவரை யாரும் தடுக்க முடியாது என்பதே எனக்குப் போதும்.

எக்ஸ்இசட் விவகாரத்தைப் பாருங்கள். 2024 மார்ச்சில் ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருக்கிறார். தொலைவிலிருந்து கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறது. அரை நொடி! வேறு யாராக இருந்தாலும் நெட்வொர்க் மந்தம் என்று விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போய், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நூலகத்தின் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ரகசியமாக நுழையப் பின்கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். லினக்ஸ் சர்வர்களில் பெரிய அளவில் பரவுவதற்கு முன்பே அது அடைபட்டது. அவர் ஒரு கம்பெனி ஊழியர் அல்ல, அந்த நூலகத்தை எழுதியவரும் அல்ல. மூடிய மென்பொருளில் அந்த அரை நொடிக்கு என்ன செய்திருப்பீர்கள்? புகார் எழுதிவிட்டுக் காத்திருப்பீர்கள்.

வெட்டிப்பேச்சு:

கம்பெனி ஊழியர் அல்லவா? அவர் சம்பளம் வாங்குவது மைக்ரோசாஃப்டில். தகவலுக்காக.

தாழ்ப்பாள்:

எக்ஸ்இசட்டை வைத்திருக்கும் கம்பெனியின் ஊழியர் அல்ல என்று சொன்னேன். அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்பதுதான் விஷயம். வார்த்தையைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

நள்ளிரவுக் கமிட்:

சின்னச் சின்னத் திறமூலத் திட்டங்களைப் பராமரிப்பவன் நான். எக்ஸ்இசட் கதையை வெற்றிக் கதையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

அந்தப் பின்கதவை வைத்தவர் 'ஜியா டான்' என்ற பெயரில் வந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தார். அதே சமயத்தில் வேறு சில பெயர்கள் வந்து, 'ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறு ஆளிடம் கொடுங்கள்' என்று பழைய பராமரிப்பாளரை நச்சரித்தன. இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கடைசியில் சாவி கை மாறியது. இந்த மாதிரி மடல்கள் எனக்கும் வரும். நச்சரிப்பவர் உண்மையிலேயே அவசரத்தில் இருப்பவரா, வேறு எண்ணத்தோடு வந்தவரா என்று எழுத்தை வைத்துச் சொல்ல வழியே இல்லை.

இன்னொன்று, இது எறும்புக்கு. நிரலை வரி வரியாகப் படித்திருந்தாலும் மாட்டியிருக்காது. எல்லோரும் பார்க்க நிரலை வைத்திருக்கும் களஞ்சியத்தில் கிடந்தது சோதனைக் கோப்பு என்ற பெயரில், மனிதர் படிக்க முடியாத இரண்டு பைனரிக் கோப்புகள். அவற்றை உயிர்ப்பிக்கும் வரிகளோ களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டி வைத்த தொகுப்புக்குள் மட்டும் இருந்தன. அதாவது, நீங்கள் படிக்கும் நிரல் ஒன்று, உங்கள் கணினியில் ஏறுவது வேறொன்று. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984-லேயே டூரிங் விருது உரையில் இந்த எரிச்சலான உண்மையைச் சொல்லிவிட்டார்: நிரலைக் கணினி ஓட்டும் கோப்பாக மாற்றும் கம்பைலரே கெட்டுப்போயிருந்தால் நிரலைப் படித்து ஒன்றும் ஆகாது.

இதற்கு மருந்து கொஞ்சம் இருக்கிறது. யார் கம்பைல் செய்தாலும் பைட் பிசகாமல் ஒரே கோப்பு வர வேண்டும் என்று லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் போன்றவர்கள் பல ஆண்டுகளாக மெனக்கெடுகிறார்கள். அப்படி வந்தால், கொடுத்த நிரலில் இருந்துதான் இந்த ஆப் பிறந்தது என்று வெளியாள் சரிபார்க்கலாம். சலிப்பூட்டும் வேலை. இதற்கு நன்கொடை கேட்டால் ஆள் வர மாட்டார்கள்.

வெட்டிப்பேச்சு:

கமிட் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிறேன். நம்மைக் காப்பாற்றுவது நிரல் திறந்திருப்பது அல்ல, தரவு சேராமல் இருப்பது.

சிக்னல் என்ற மெசேஜ் ஆப்பைப் பாருங்கள். 2016-இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே தகவல்: கணக்கு எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது இணைந்தது. மற்றது எதையும் அவர்கள் சேர்த்து வைக்கவே இல்லை. அதே சிக்னல், 2020 ஏப்ரலில் இருந்து ஏறக்குறைய ஒரு வருடம் சர்வர் நிரலைப் பொதுவில் புதுப்பிக்கவில்லை. திறமூல ஆட்கள் கத்தினார்கள், நியாயம்தான். ஆனால் அந்த ஒரு வருடத்தில் உங்கள் மெசேஜ் எதுவும் வெளியே போய்விடவில்லை. காரணம், சர்வரை நம்ப வேண்டிய தேவையே இல்லாதபடி கட்டியிருந்தார்கள்.

வாட்ஸ்அப்பும் 2016 முதல் சிக்னலின் குறியாக்க முறையைத்தான் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்க முடிகிற மாதிரி செய்தியைப் பூட்டுவது) பயன்படுத்துகிறது. கம்பெனியால் செய்தியைப் படிக்க முடியாது. ஆனால் யார், யாரோடு, எப்போது என்பது தெரியும். பிரச்சினை அங்கேதான்.

தாழ்ப்பாள்:

சர்வரை நம்பத் தேவையில்லை என்று எப்படித் தெரிந்தது? போனில் ஓடும் சிக்னல் ஆப்பின் நிரல் திறந்திருப்பதால். குறியாக்கம் போனை விட்டுக் கிளம்பும் முன்பே நடக்கிறது என்று பார்க்க முடிவதால். நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள், வெட்டிப்பேச்சு.

கட்டுப்பாட்டுக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் ஆப்பிள், கிளவுடுக்குப் போகும் படங்களை, ஏற்கெனவே தெரிந்த குழந்தைப் பாலியல் கொடுமைப் படங்களோடு போனிலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் திட்டத்தை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது, 2022 டிசம்பரில் கைவிட்டது. நல்லது. ஆனால் கைவிட்டது யார்? அவர்கள். தொடர்வது என்று முடிவெடுத்திருந்தால் போன் வைத்திருப்பவரால் என்ன செய்திருக்க முடியும்? 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு நெருக்கியதும், கிளவுட் பேக்கப்புக்கு முழுக் குறியாக்கம் தரும் வசதியை அங்கே புதிதாக யாரும் எடுக்க முடியாதபடி நிறுத்தினார்கள். தானே குறியாக்கம் செய்து தன் சேமிப்பில் வைக்கிறவரிடம் அப்படி ஒரு சுவிட்சை அணைக்க முடியாது.

இன்னொன்று. சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்று விளம்பரமில்லாத நல்ல ஆப்களின் தொகுப்பு இருந்தது. காலண்டர், கேலரி, தொடர்புகள் என்று. 2023 கடைசியில் அது ஒரு கம்பெனிக்கு விற்கப்பட்டது. மூடிய மென்பொருளாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இங்கே என்ன ஆயிற்று? அந்த நிரலை எடுத்து ஃபாசிஃபை என்று தனியாக நடத்துகிறார்கள். நான் ஆப்பை மாற்றினேன், பழக்கம் ஒன்றும் மாறவில்லை. வெளியேறும் வழி என்றால் இதுதான்.

எறும்பு:

சரி, வெளியேறுகிறேன் என்றே வையுங்கள். அப்பாவின் பழைய போனுக்கு அப்டேட் நின்றுபோனதால் லினியேஜ்ஓஎஸ் என்ற திறமூல ஆண்ட்ராய்டைப் போட்டுக் கொடுத்தேன். அழகாக ஓடியது. மறுநாள் வங்கி ஆப்பைத் திறந்தால், இந்தச் சாதனம் பாதுகாப்பானதல்ல என்று ஒரு வரி, கீழே ஒரே ஒரு பொத்தான்: வெளியேறு. வருடக்கணக்கில் பாதுகாப்பு அப்டேட்டே வராத பழைய மென்பொருளில் அதே ஆப் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. புதிய ஓட்டைகள் அடைபட்ட பிறகு பாதுகாப்பில்லையாம். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு எந்த இயங்குதளத்திலும் தீர்வு இல்லை.

நள்ளிரவுக் கமிட்:

கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையைக் கேட்டு வங்கி ஆப் முடிவெடுக்கிறது. பெரும்பாலும் அது கேட்பது 'ஓட்டை இருக்கிறதா' என்று அல்ல, 'கூகுள் சான்றளித்த மென்பொருளா' என்று. இரண்டும் ஒன்றல்ல.

மழைக்காகம்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு கேள்வி. 'பயனர் கட்டுப்பாடு' என்கிறீர்களே, பயனர் யார்?

குடும்ப வன்முறையிலிருந்து வெளியே வரும் பெண்களுக்கு உதவும் ஒரு குழுவில் இருக்கிறேன். போன்களைப் பார்த்துச் சொல்வது என் வேலை. இங்கே நீங்கள் பயப்படும் ஆள் அரசு அல்லது கம்பெனி. நான் பார்க்கும் போன்களில் வேவு பார்ப்பவர் அதே வீட்டில் படுத்து எழுகிறவர். போனை வாங்கிக் கொடுத்தவர் அவர், பாஸ்வேர்டு வைத்தவர் அவர், ராத்திரியில் பத்து நிமிடம் அந்தப் போன் அவர் கையில் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஒரு ஏபிகே கோப்பை (ஆப்பை நிறுவும் கோப்பு) இறக்குகிறார், கெட்ட ஆப்களைத் தேடும் பிளே புரொடெக்டை அணைக்கிறார், திரையில் இருப்பதைப் படிக்க விடும் அக்சசிபிலிட்டி அனுமதி கொடுக்கிறார், ஐகானை மறைக்கிறார். முடிந்தது. அதன் பிறகு அந்தப் போனின் 'பயனர்' யார்?

எல்லாவற்றையும் திறக்கலாம், எல்லாவற்றையும் மாற்றலாம் என்ற போன், கையில் வைத்திருப்பவர் யாரோ அவருக்கு விசுவாசமாக இருக்கும். பூட்டி வைத்த போனில் அவருக்கு வேலை கஷ்டம். எங்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

வெட்டிப்பேச்சு:

இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இது.

தாழ்ப்பாள்:

மழைக்காகம், கேள்வி நியாயமானது. ஆனால் பூட்டும் கட்டுப்பாடும் எதிரிகள் இல்லை. கிராஃபீன்ஓஎஸ் என்ற திறமூல ஆண்ட்ராய்டைப் போட்டால், போன் ஆன் ஆகும்போது இயங்குதளத்தைக் கிளப்பும் பூட்லோடரைத் திரும்பப் பூட்டலாம். பூட்டிய பிறகு, அவர்கள் கையொப்பமிட்ட மென்பொருளைத் தவிர வேறெதுவும் கிளம்பாது. திரும்பத் திறக்க முயன்றால் போனில் இருப்பது அத்தனையும் அழியும். (கூகுளின் பிக்சல் போன்களுக்கு மட்டும்தான் வெளியிடுகிறார்கள் என்பது என் பழைய வயிற்றெரிச்சல்.)

என் பயம் வேறு. நீங்கள் சொன்ன இதே காரணத்தைச் சொல்லித்தான் பெரியவர்கள் கதவைச் சாத்துகிறார்கள். 2025 ஆகஸ்டில் கூகுள், சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன்களில் ஆப் போட வேண்டுமானால் அதை எழுதியவர் தங்களிடம் அடையாளத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று அறிவித்தது. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து போட்டாலும் அப்படித்தான். திறமூல ஆப்களை நிரலிலிருந்து தானே கட்டிக் கொடுக்கும் எஃப்-டிராய்டு, இது வந்தால் தங்கள் திட்டம் இன்றைய வடிவில் நிலைக்காது என்றது. நவம்பரில் கூகுள் கொஞ்சம் இறங்கி வந்து, விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி வைப்போம் என்றது. வீட்டு ஆசாமிக்காக வைத்த பூட்டு என் ஆப் யாருடையது என்று கேட்க ஆரம்பிக்கிறது.

மழைக்காகம்:

அந்த அறிவிப்பை நான் ஆதரிக்கவில்லை. அடையாளத்தைப் பதிவு செய்தவர்களும் வேவு ஆப் விற்பார்கள். 'குழந்தையைக் கண்காணிக்க' என்று பெயர் வைத்தால் போதும்.

ஆனால் 'விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி' என்றால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் சொல்கிற ஆட்கள் அந்த வழியில் முதலில் போவார்கள். எச்சரிக்கைப் பெட்டி அவர் கண்முன்னால் வரும், அவரே சரி என்று அழுத்துவார். காலையில் போனை எடுக்கிறவர் எதையும் பார்க்க மாட்டார்.

தாழ்ப்பாள்:

அப்படியானால் எது உதவும்? காத்திருக்கும் நேரம் வைக்கலாமா? வெளியிலிருந்து ஆப் போட ஒரு நாள் கழித்துத்தான் அனுமதி என்கிற மாதிரி.

மழைக்காகம்:

அவருக்கு எல்லா ராத்திரியும் போன் கிடைக்கும். இரண்டாம் நாள் வருவார். காத்திருப்பு என்பது போன் மூலம் ஏமாற்றும் மோசடிக்காரனுக்கு இடைஞ்சல், வீட்டில் இருப்பவருக்கு இல்லை.

உதவக்கூடியது ஒன்று: மறைந்து ஓடும் ஆப் எதையாவது படித்தாலோ கேட்டாலோ திரையில் ஒரு அடையாளம். அதை அணைக்க செட்டிங்கில் எங்கேயும் வழி இருக்கக் கூடாது. யாருக்கும்.

தாழ்ப்பாள்:

யாருக்கும் என்றால் எனக்கும். என் போனில் நான் தொட முடியாத ஒரு இடம்.

மழைக்காகம்:

ஆமாம்.

நள்ளிரவுக் கமிட்:

முன்னுதாரணம் இருக்கிறது தாழ்ப்பாள், உங்கள் போனிலேயே. கிராஃபீன்ஓஎஸ் பிக்சலைத் திரும்ப ஆன் செய்யும்போது, இதில் வேறு இயங்குதளம் இருக்கிறது என்று ஒரு மஞ்சள் எச்சரிக்கை, அதனுடன் சாவியின் கைரேகை மாதிரி ஒரு எழுத்துக் கோவை வருமே? அதைக் காட்டுவது ஃபர்ம்வேர், இயங்குதளத்துக்கும் அடியில் போனோடு வரும் மென்பொருள். உங்களால் அணைக்க முடியாது. அதைப் பற்றி நீங்கள் குறை சொல்லி நான் பார்த்ததில்லை.

தாழ்ப்பாள்:

அதைக் குறை சொல்ல மாட்டேன், அது எனக்கு உண்மையைச் சொல்கிறது. திரை அடையாளமும் அந்த மாதிரிதான், என்னைத் தடுக்காமல் காட்டிக்கொடுக்க மட்டும் செய்யும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதை வரையும் நிரலும் திறந்திருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மழைக்காகம்:

தாராளமாகத் திறந்து வையுங்கள். ஆனால் எழுத்துக் கோவையெல்லாம் வேண்டாம். என்னிடம் வருகிறவர்கள் அந்த மஞ்சள் எச்சரிக்கையைப் பார்த்தால் போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, சரி பண்ணித் தரச் சொல்லி அதே ஆளிடம்தான் கொடுப்பார்கள்.