காலையில் மட்டும் ஆன் ஆக மறுக்கும் டெஸ்க்டாப்: போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா?

திருவொற்றியூர் தேவி:
வணக்கம். அப்பா வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். டேலி, பில், ஜிஎஸ்டி எல்லாம் ஒரே டெஸ்க்டாப்பில்தான். நாலாம் தலைமுறை ஐ3, இரண்டு 4 ஜிபி டிடிஆர்3 ராம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 10.

கொஞ்ச நாளாகக் காலையில் பவர் பட்டனை அழுத்தினால் உள்ளே ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது. தானாக மறுபடி சுற்றும், மறுபடி நிற்கும். பீப் இல்லை, டிஸ்பிளே இல்லை. அப்படியே விட்டால் எப்படியோ ஒரு கட்டத்தில் ஆன் ஆகிவிடும். அதற்கப்புறம் சாயங்காலம் வரை ஒரு தொந்தரவும் இல்லை, ரீஸ்டார்ட் கொடுத்தாலும் உடனே வருகிறது. இரவில் ஷட் டவுன் செய்து சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடுவோம். மறுநாள் அதே கதை. சில நாள் தேதி மாறிப்போய், எஃப்1 அழுத்தச் சொல்கிறது.

பக்கத்துக் கடையில் கேட்டால், திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். 20ஆம் தேதிக்குள் 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டியவர்களின் பில்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. உண்மையில் மதர்போர்டுதானா?

பல்லாவரம் சுரேஷ்:
அடுத்த முறை ஆன் ஆனதும் வேறு எதையும் தொடாமல் டேலி டேட்டாவை ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

பிறகு ராமைக் கழற்றி, தங்க நிறத்தில் இருக்கும் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துணியால் துடைத்து, ஒரே ஒரு ராமை மட்டும் மாட்டிப் பாருங்கள். உங்கள் பக்கம் கடற்காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்து காண்டாக்டுகளைக் கெடுத்துவிடும். இன்னொன்று, காலையில் தண்ணீர் மோட்டார் ஓடும் நேரமா? வோல்டேஜ் இறங்கினாலும் இப்படி ஆகலாம்.

வேளச்சேரி வாசு:
என்னைக் கேட்டால் புதுசே வாங்கிவிடலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நாலாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலும் கிடையாது. ஜிஎஸ்டி, பேங்க் வேலை பார்க்கும் மெஷின் என்பதால் சொல்கிறேன்.

ரிப்பேர் மணி:
வாசு சொல்வது நியாயம்தான். ஆனால் அது 20ஆம் தேதிக்கு அப்புறம் பார்க்க வேண்டிய விஷயம்.

தேவிம்மா, நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஆன் ஆகிவிட்டால் நாள் முழுக்க ஓடுகிறது, ரீஸ்டார்ட்டும் ஆகிறது, இரவு முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்தால் மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. போர்டு செத்திருந்தால் இப்படி நாள் முழுக்க ஓடாது. எனக்கு எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்ட்டை மாற்றி மெஷினுக்குக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி மேல்தான் சந்தேகம்.

சுவர் ஸ்விட்சைப் போட்டவுடனே, பட்டனை அழுத்துவதற்கு முன்பே, எஸ்எம்பிஎஸ் ஒரு 5 வோல்ட்டை போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதுதான் ஊதாக் கம்பி, ஸ்டாண்ட்பை. பட்டனை அழுத்தினால் போர்டு பச்சைக் கம்பியை கிரவுண்டோடு சேர்க்கும், எஸ்எம்பிஎஸ் முழுசாக எழும். எல்லா வோல்டேஜும் நிலைக்கு வந்தபின் சாம்பல் கம்பியில் "பவர் குட்" என்ற சிக்னல் போகும். அது வரும்வரை போர்டு பிராசசரை ஓட விடாது. எஸ்எம்பிஎஸ் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களில் திரவம் காய்ந்துபோனால் இந்த வரிசை தடுமாறும். கொஞ்சம் சூடேறினால் அதே கெப்பாசிட்டர் ஓரளவு வேலை செய்யும். அதனால்தான் மறுபடி மறுபடி முயன்று கடைசியில் ஆன் ஆகிறது.

தேதி மாறுவதற்கு சிமாஸ் பேட்டரி காரணம். சிஆர்2032, 3 வோல்ட், வட்டமாக நாணயம் போல இருக்கும். இரவில் சுவர் ஸ்விட்சை அணைத்தால் ஸ்டாண்ட்பையும் போய்விடும், கடிகாரம் ஓட அந்தப் பேட்டரி ஒன்றுதான் கதி. அதை எப்படியும் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறதா? காலையில் பட்டனைத் தொடும் முன், சுவர் ஸ்விட்சை மட்டும் போட்டு, போர்டில் செருகியிருக்கும் 24 பின் கனெக்டரின் பின்பக்கமாக முனையை விட்டு ஊதாக் கம்பியில் அளந்து பாருங்கள். கருப்பு முனை ஏதாவது ஒரு கருப்புக் கம்பியில். 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்க வேண்டும். பக்கத்துப் பின்னில் முனை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டாலும் இப்படித்தான் ஆன் ஆகி ஆகி அணையும். அதற்கு அந்தப் பட்டன் ஒயரைக் கழற்றிவிட்டு, போர்டில் அந்த இரண்டு பின்னை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டாலே தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட் ஏசி உள்ளே போய் சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது பெரிய கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

திருவொற்றியூர் தேவி:
சுரேஷ் சார், பேக்கப் எடுத்தாயிற்று. ராமைத் துடைத்து ஒன்றை மட்டும் போட்டும் மாற்றம் இல்லை. மோட்டார் ஓடாத நேரத்திலும் அதே நிலைமைதான்.

மணி அண்ணா, எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டரோடு வந்தார். ஸ்விட்சைப் போட்டதும் ஊதாக் கம்பியில் 4.3 காட்டியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 4.4, 4.5 என்று மெல்ல மெல்ல ஏறியது. 4.8ஐத் தாண்டிய பிறகு பட்டனை அழுத்தினால் சட்டென்று ஆன் ஆகிவிட்டது! டார்ச் அடித்து எஸ்எம்பிஎஸ்ஸின் காற்றுத் துளை வழியாகப் பார்த்ததில், ஒரு கெப்பாசிட்டரின் தலை உப்பி, மேலே பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருக்கிறது. போர்டில் இருப்பவை எல்லாம் தட்டையாகத்தான் இருக்கின்றன.

ரிப்பேர் மணி:
அப்புறம் என்ன, எஸ்எம்பிஎஸ்தான். யாரிடமாவது ஒன்று கடன் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போவதானால் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 450 வாட் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 வோல்ட் லைனில் கிடைப்பது 216 வாட்தான். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் மெஷினுக்கு அதுவே தாராளம், ஆனால் 450 என்று காசு கொடுக்காதீர்கள். கரண்ட்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லது. பிராசசருக்குப் போகும் 12 வோல்ட் கனெக்டர் உங்கள் போர்டில் 4 பின்னா, 8 பின்னா என்று போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

திருவொற்றியூர் தேவி:
மாட்டியாயிற்று அண்ணா. ஊதாக் கம்பியில் 5.08. பேட்டரியும் மாற்றினோம், தேதி நிற்கிறது. காலையில் முதல் அழுத்திலேயே ஆன் ஆகிறது. அப்பா உட்கார்ந்து ரிட்டர்ன் போட ஆரம்பித்துவிட்டார். மூன்று பேருக்கும் அவர் நன்றி சொல்லச் சொன்னார். இனி இரவில் சுவர் ஸ்விட்சை அணைக்கலாமா, கூடாதா?

ரிப்பேர் மணி:
தாராளமாக அணைக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் என்றால் பிளக்கையே உருவிவிடுங்கள், நெட் கேபிளையும் சேர்த்து. அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை பழைய பேப்பர்க்காரரிடம் போடாமல் மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.