ஆறு நண்பர்கள், ஒரு ஏக்கர்: கட்டலாமா, வேண்டாமா?

அல்சூர்வாசி:
கல்லூரிக் காலத்து நண்பர்கள் ஆறு பேர். ஓசூர் தாண்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு ஏக்கர் பார்த்திருக்கிறோம். ஆளுக்கு நானூறு சதுர அடியில் வீடு; போர்வெல், சமையல்கட்டு எல்லாம் பொது. பெங்களூரில் ஒரு ஃப்ளாட்டுக்கு இருபது வருடம் தவணை கட்டுவதற்கு இது எவ்வளவோ மேல்.

கேஆர்புரம் பழசு:
பத்திரம் யார் பேரில், தம்பி? ஆறு பேர் பேரிலும் சேர்த்தென்றால் பிரிபடாத பாகம். ஒருவர் தன் பாகத்தை முன்பின் தெரியாதவருக்கு விற்றால் உங்களால் தடுக்க முடியாது. பாகப்பிரிவினை வழக்கு வந்து, நிலத்தைப் பிரிப்பது சரிப்படாது என்றால், பாதிப் பங்குக்காரர்கள் கேட்டாலே கோர்ட் விற்கச் சொல்லலாம். 1893-ஆம் வருடச் சட்டம் அது. உங்கள் கணக்கில் மூன்று பேர் போதும்!

அல்சூர்வாசி:
சரி, தனித்தனிப் பத்திரம் போடுகிறோம்.

கேஆர்புரம் பழசு:
மனையாகப் பிரித்தால் டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது எத்தனை பேர் முழித்தார்கள், மறந்துவிட்டதா?

செங்கல்சூளை:
அண்ணே, பயமுறுத்தியே ஆளை ஃப்ளாட்டுக்குத் துரத்துகிறீர்கள். ஒப்புதல் வாங்கினால் தீர்ந்தது. செலவைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில், சுவரில் செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவே இடைவெளி விடுவார்கள். கால்வாசிச் செங்கல் மிச்சம், வெயிலும் உள்ளே இறங்காது.

ஆனேக்கல் அக்கா:
சுவர் நிற்கும் தம்பி, சுவரில் பிரச்சினையே இல்லை. நாங்கள் ஐந்து பேர் இந்தப் பக்கம், கர்நாடகத்தில் வாங்கினோம். விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கத் தடையாக இருந்த, நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகளை 2020-ல் எடுத்த பிறகுதான். வாங்கிவிட்டால் கட்டிவிடலாம் என்று நினைத்தோம். விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற டிசி ஆபீஸுக்கு, உங்கள் ஊர்க் கலெக்டர் ஆபீஸ் மாதிரி, நடந்தது தனிக்கதை. அதைக்கூடத் தாண்டிவிட்டோம். மார்ச்சில் போர்வெல் மோட்டார் எரிந்தது பாருங்கள், அங்கேதான் உடைந்தோம். இரண்டு பேர் மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள். "நாங்கள் ஒரு குடம்கூடப் பிடிக்கவில்லையே, எதற்குச் சமபங்கு?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. உங்கள் ஆறு பேரில் நிஜமாகக் குடிவரப் போவது எத்தனை பேர்?

அல்சூர்வாசி:
நான்கு... மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களிடம் அதைக் கேட்டதே இல்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறோம், அதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன்.