புதுப்பிப்பு: பழைய இணைய நிறுவனத்தின் மெயிலை விட்டு வெளியேறியாச்சு

இணைய இணைப்பை மாற்றினால் அந்த நிறுவனம் தந்த மெயில் முகவரியும் போய்விடும், அதற்குப் பதிலாக எதை எடுப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்தது.

"முதலில் சொந்தமாக ஒரு டொமைன் வாங்குங்க" என்று ஒருவர் சொன்னதுதான் கை கொடுத்தது. டொமைன், அதாவது முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர், நம்முடையதாக இருந்தால் நாளைக்கு மெயில் சேவை பிடிக்கவில்லை என்றாலும் முகவரி மாறாது. அந்த டொமைனை பெர்லினில் இருக்கும் மெயில்பாக்ஸ்.ஆர்க் என்ற மெயில் சேவையில் இணைத்தேன். மற்ற மெயில் சேவைகளில் போஸ்டியோ மலிவு, ஆனால் அங்கே சொந்த டொமைன் வைக்க முடியாது. டூட்டாவில் ஐமேப் (மெயிலை வெளிச் செயலிகளில் திறக்க உதவும் வழி) கிடையாது. புரோட்டானை தண்டர்பேர்டில் (கணினியில் மெயில் படிக்கும் செயலி) திறக்க பிரிட்ஜ் என்ற அவர்களின் இடைச்செயலி வேண்டும், அது கட்டணத் திட்டத்தில் மட்டும். அப்பா தண்டர்பேர்டை விடமாட்டார், அதனால் டூட்டாவும் புரோட்டானும் கழன்றுகொண்டன.

பழைய மெயில்களை தண்டர்பேர்டிலேயே இரண்டு கணக்கையும் ஐமேப்பில் சேர்த்து, ஃபோல்டர் ஃபோல்டராக நகலெடுத்தேன். ஒரே மூச்சில் இழுத்தால் பாதியில் நிற்கிறது; வருடவாரியாகப் பிரித்தால் சுமுகமாகப் போகிறது.

எதிர்பாராதது இரண்டு. நான் அனுப்பியவை சிலரின் ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போயின. டொமைனின் டிஎன்எஸ் அமைப்புகளில், மெயில் உண்மையில் நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளைச் சேர்த்ததும் சரியானது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறார்.

இன்னொன்று, பல தளங்களில் மெயில் முகவரியை மாற்றப் போனால் உறுதிப்படுத்தும் லிங்க் பழைய முகவரிக்குத்தான் வருகிறது. ஆகவே வங்கி, வரி, காப்பீடு எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அப்புறம் பழைய இணைய இணைப்பை ரத்து செய்யுங்கள்.