உதவி தேவை: அம்மாவுக்கு மெத்தை, பட்ஜெட் 9,000. காயரா, ஃபோமா, இலவம் பஞ்சா?

உறையூர்ப் பெண்:
வணக்கம். அம்மாவுக்கு ஒரு மெத்தை வாங்க வேண்டும். வயது 62, எடை 58 கிலோ. காலையில் எழுந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். குளித்துக் கொஞ்சம் நடமாடிய பிறகு வலி குறைந்துவிடுகிறது. டாக்டரிடம் காட்டியாயிற்று. வயதுக்கேற்ற தேய்மானம்தான், பயப்பட ஒன்றுமில்லை, முதலில் அந்தக் குழி விழுந்த மெத்தையை மாற்றுங்கள் என்றார்.

இப்போது இருப்பது ஆறடிக்கு நாலடி காயர் (தேங்காய் நார்) மெத்தை, அப்பா இருந்தபோது வாங்கியது. நடுவில் நன்றாகப் பள்ளம். கட்டில் இரும்பு, மேலே பிளைவுட் பலகை. மாடி வீடு. பகலெல்லாம் தளம் காய்ந்து இராத்திரி அந்தச் சூடு கீழே இறங்கும். ஏசி இல்லை, ஃபேன்தான்.

இரண்டு கடை ஏறி இறங்கினோம். ஒன்றில் 'ஆர்த்தோ மெமரி ஃபோம்' 6 இன்ச், எம்ஆர்பி 19,000 போட்டிருக்கிறது, எங்களுக்கு 8,800 என்கிறார்கள். இன்னொன்றில் காயர் 5 இன்ச் 7,500. பக்கத்து வீட்டு மாமி இலவம் பஞ்சைவிட உடம்புக்கு நல்லது எதுவும் இல்லை என்கிறார். தங்கை ஆன்லைனில் சுருட்டி வரும் மெத்தையை வாங்கச் சொல்கிறாள். எதை எடுப்பது? 9,000-க்கு மேல் போக முடியாது.

மதுரை பிசியோ:
அக்கா, பழைய மெத்தையைத் தூக்கிவிட்டு வெறும் கட்டிலைப் பார்த்தீர்களா? இடுப்பு வலி என்று வருகிற பாதிப் பேரிடம் நான் முதலில் கேட்பது இதுதான். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு கயிற்றை இறுக்கிப் பிடியுங்கள், குறுக்கேயும் ஒருமுறை பிடியுங்கள். கயிறுக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் பலகை வளைந்திருக்கிறது. அதன்மேல் எவ்வளவு நல்ல மெத்தை போட்டாலும் அதுவும் சேர்ந்து வளையும், சீக்கிரமே பள்ளமும் விழும்.

அம்மா மல்லாந்து படுப்பாரா, ஒருக்களித்தா? இதைத் தெரியாமல் மெத்தை சொல்லக் கூடாது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமுங்க வேண்டும். இல்லையென்றால் அந்த இரண்டு இடத்திலும் அழுத்தம் ஏறி இரவெல்லாம் புரண்டுகொண்டே இருப்பார்.

முதுகு வலிக்குப் பலகை மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் ஆராய்ச்சி ஒன்று வந்தது. நாள்பட்ட கீழ் முதுகு வலி இருந்த 313 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு மிகக் கெட்டியான மெத்தையும் மறுபாதிக்கு நடுத்தரக் கெட்டியும் கொடுத்துப் பார்த்தார்கள். 90 நாள் கழித்து வலி அதிகம் குறைந்திருந்தது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான். அதனால் 'ஆர்த்தோ', அதாவது எலும்புக்கும் முதுகுக்கும் ஏற்றது என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்தப் பெயரை எந்தக் கம்பெனியும் எந்த மெத்தைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பழைய மெத்தைக் கடைக்காரர்:
நான் மெத்தை வியாபாரத்தில் இருந்து இப்போது ஓய்வில் இருப்பவன். பிசியோ தம்பி சொன்னது சரி. நான் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றிச் சொல்கிறேன், பாப்பா.

மெமரி ஃபோம் என்பது உடம்பு பட்ட இடத்தில் மெல்ல அமுங்கி, எழுந்ததும் மெல்லப் பழைய நிலைக்கு வருகிற ஃபோம். 8,800-க்கு 6 இன்ச் முழுதும் அது வராது. மேலே அரை இன்ச்சோ ஒரு இன்ச்சோ மெமரி ஃபோம் இருக்கும், கீழே வேறு ஏதாவது. பெரும்பாலான மெத்தைக்கு உறையில் ஜிப் இருக்கும். திறந்து காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். பல நிறத் துண்டுகளை அழுத்தி ஒட்டிய பலகை மாதிரி தெரிந்தால் அது ரீபாண்டட். ஃபோம் வெட்டிய மிச்சத்தை அரைத்துப் பசை போட்டு அழுத்துவது. அது ஏமாற்று வேலை இல்லை, கெட்டியான அடித்தளத்துக்கு நல்ல பொருள்தான். ஆனால் மெமரி ஃபோம் விலை கொடுத்து ரீபாண்டட் வாங்கக் கூடாது.

சாதாரண பியு ஃபோம் (பாலியூரித்தேன், நாம் ஸ்பாஞ்ச் என்பது) என்றால் டென்சிட்டி கேளுங்கள். அதாவது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. தினமும் ஒருவர் படுக்கிற மெத்தைக்கு 40 இருந்தால் நல்லது, 32-க்குக் கீழே வேண்டாம். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, தராசில் போடலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இன்ச்சில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். 72 x 48 x 6 என்றால் 0.34. அதை 40-ஆல் பெருக்கினால் 13.6 கிலோ. உறைக்கு ஒரு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். 40 டென்சிட்டி என்று சொன்ன மெத்தை 9 கிலோ நின்றால் உள்ளே இருப்பது 24 டென்சிட்டிக்குள்தான். ஒரே வருடத்தில் அமுங்கிவிடும்.

இரண்டு எச்சரிக்கை. டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. அதிக டென்சிட்டியில் மெத்தென்ற ஃபோமும் உண்டு, அதனால் படுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ரீபாண்டட் எப்போதும் 80, 100 என்றுதான் நிற்கும், அந்த எண்ணைக் காட்டி உசத்தி என்பார்கள். ரீபாண்டட் எண்ணையும் பியு ஃபோம் எண்ணையும் ஒப்பிடவே கூடாது.

அப்புறம், ஏசி இல்லாத மாடி அறைக்கு மெமரி ஃபோம் வேண்டாம் என்பேன். அது சூட்டில் இளகுகிற பொருள். நம் ஊர் மே மாதத்தில் உடம்பு அதிகம் புதையும், காற்று போகாது, முதுகு வேர்க்கும். வயதானவர்களுக்குப் புரண்டு படுக்கவும் எழுந்திருக்கவும் கூடுதல் சிரமம்.

பொள்ளாச்சி நார்:
காயரை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எங்கள் பக்கம் தேங்காய் நார்தான் பிழைப்பு. நாரைச் சுருட்டித் திரித்து, பிரித்து, ரப்பர் பால் தெளித்து ஷீட்டாக அழுத்துவதுதான் ரப்பரைஸ்டு காயர். நாருக்கு நடுவில் இடைவெளி இருப்பதால் காற்று போகும். வெக்கை வீட்டுக்கு இதைவிடத் தோதானது இந்த விலையில் கிடையாது.

ரப்பரை மிச்சம் பிடித்துச் செய்த சரக்கு சீக்கிரம் நொறுங்கும். கடையில் மெத்தையின் ஓரத்தை இரண்டு கையாலும் அமுக்கி விடுங்கள். மெல்லவாவது பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். தட்டினால் தூள் கொட்டக் கூடாது. ஒரே அளவில் இரண்டு காயர் மெத்தை இருந்தால் கனமானதை எடுங்கள்.

பழைய மெத்தைக் கடைக்காரர்:
நார்க்காரர் சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். காயர் குளிர்ச்சி, சரி. ஆனால் ஒரே இடத்தில் தினமும் படுத்தால் நடுவில் குழி விழுவது அதன் குணம். திருப்பிப் போடாதவர்கள் வீட்டில் ஐந்தாறு வருடம் தாண்டுவதில்லை. இந்த அம்மா வீட்டில் நடந்ததும் அதுதானே?

பொள்ளாச்சி நார்:
திருப்பிப் போட்டால் தாங்கும் ஐயா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாக்க வேண்டும், அடுத்த முறை மேல்பக்கத்தைக் கீழாக்க வேண்டும். பல ஃபோம் மெத்தைகளைத் தலைகீழாகப் புரட்டவே முடியாது, ஒரு பக்கம்தான் படுக்க. காயரில் இரண்டு பக்கமும் படுக்கலாம்.

போடி மலையடி:
இலவம் பஞ்சு பற்றி நான் சொல்கிறேன். போடியில் மெத்தை, தலையணை தைப்பது எத்தனையோ குடும்பத்தின் தொழில். இலவம் பஞ்சின் இழை உள்ளே குழலாக இருக்கும், மேலே மெழுகுத் தன்மை. அதனால்தான் ஈரம் ஏறாது, எடையும் தெரியாது. வெயிலில் ஒரு நாள் போட்டால் உப்பி எழும். மாமி சொல்வது தப்பில்லை.

ஆனாலும் அம்மாவுக்கு அதை மட்டும் போடாதீர்கள் அக்கா. படுக்கப் படுக்கப் பஞ்சு ஒதுங்கித் திரளும், இடுப்பு இருக்கும் இடம் இறங்கிவிடும். வருடத்துக்கு ஒருமுறை பிரித்து உதறித் தைக்க ஆள் கிடைக்கும் ஊரில் அது சரிப்படும். விலை குறைவாகச் சொன்னால் கழிவுப் பஞ்சு கலந்திருக்கும். ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். நல்ல இலவம் பஞ்சு பளபளவென்று வழுக்கும், கலப்புப் பஞ்சு கையில் பிசுபிசுவென்று கட்டியாக நிற்கும். தலையணைக்கு வேண்டுமானால் தயங்காமல் இலவம் பஞ்சு வாங்குங்கள்.

உறையூர்ப் பெண்:
எல்லோருக்கும் நன்றி. கயிறு பிடித்துப் பார்த்தோம். குறுக்கே இரண்டு விரல் நுழைகிறது! பலகைக்கு அடியில் மூன்று குறுக்குக் கம்பிதான், நடுவில் இருப்பது வளைந்திருக்கிறது. அம்மா வலது பக்கம் ஒருக்களித்துத்தான் படுப்பார்.

மெமரி ஃபோம் கடையில் ஜிப் திறக்கச் சொன்னேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுத் திறந்தார்கள். மேலே அரை இன்ச் அளவுக்குத்தான் மெமரி ஃபோம், மீதி முழுதும் பல நிறத் துண்டு. ஐயா சொன்னது அப்படியே இருந்தது. அதை விட்டுவிட்டோம். காயர் கடைக்காரர் 4 இன்ச் காயர்மேல் 1 இன்ச் ஃபோம் வைத்து அளவுக்குத் தைத்துத் தர 7,900 கேட்கிறார். எடுக்கலாமா? ஆன்லைன் மெத்தை இதைவிட நல்லதா?

மதுரை பிசியோ:
ஒருக்களித்துப் படுப்பவருக்கு வெறும் காயர் கெட்டியாக இருந்திருக்கும். மேலே ஒரு இன்ச் ஃபோம் இருப்பது நல்ல சேர்க்கை. ஒரு விஷயம் அளந்து பாருங்கள்: கட்டில், மெத்தை இரண்டும் சேர்ந்த உயரம். அம்மா ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். பாதம் தொங்கினால் எழும்போது இடுப்புக்கே பாரம் போகும். அந்த வகையில் 6, 8 இன்ச்சைவிட 5 இன்ச் உங்களுக்குத் தோது.

கரூர் வெல்டிங்:
கட்டிலை முதலில் சரி பண்ணுங்கள். நடுக் கம்பியை நிமிர்த்தி, இடையிடையே இன்னும் இரண்டு சதுரக் குழாய் வைத்து வெல்டிங் அடித்தால் போதும். நடுவில் தரையைத் தொடுகிற மாதிரி ஒரு கால் கொடுத்தால் இனி வளையாது. பிளைவுட் உப்பியோ வளைந்தோ இருந்தால் 18 எம்எம் மாற்றுங்கள், 12 எம்எம் ஆறுக்கு நாலுக்குப் பத்தாது. பலகையில் ஆங்காங்கே ஓட்டை போட்டுவிட்டால் மெத்தைக்கு அடியில் காற்று போகும், பூஞ்சை பிடிக்காது. குழாயும் கூலியும் ஆயிரத்துக்குள் முடியும் வேலை, உங்கள் பட்ஜெட்டில் மிச்சமிருப்பது அவ்வளவுதானே.

சென்னை சுருள்மெத்தை:
ஆன்லைன் பற்றிக் கேட்டீர்கள். நாங்கள் வைத்திருப்பது அதுதான், எங்களுக்குக் குறையில்லை. பல கம்பெனி 100 இரவு வரை படுத்துப் பார்த்துத் திருப்பலாம் என்கிறது. ஆனால் உங்கள் பின்கோடுக்கு வந்து எடுத்துப் போவார்களா, பணம் முழுதும் திரும்புமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். அம்மாவைக் கடையில் படுக்க வைத்துப் பார்க்க முடிகிறது என்றால் நானும் உள்ளூர்க் கடையைத்தான் சொல்வேன்.

பழைய மெத்தைக் கடைக்காரர்:
7,900 நியாயம், பாப்பா. பில்லில் 'ஆறுக்கு நாலு, 4 இன்ச் ரப்பரைஸ்டு காயர், 1 இன்ச் 40 டென்சிட்டி ஃபோம்' என்று எழுதி வாங்குங்கள். வெறும் 'மெத்தை - 1' என்று போட்டால் நாளைக்கு எதையும் கேட்க முடியாது. வாரண்டி அட்டையில் எத்தனை இன்ச் பள்ளம் விழுந்தால் மாற்றுவார்கள் என்று பாருங்கள். கறை பட்டால் வாரண்டி போச்சு என்று பெரும்பாலும் இருக்கும், பருத்தி உறை ஒன்று போட்டுவிடுங்கள். அம்மாவை அழைத்துப் போய், வழக்கமாகப் படுக்கும் பக்கமே ஒருக்களித்துக் கால் மணி நேரம் படுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் படுத்திருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

உறையூர்ப் பெண்:
வெல்டிங் முடிந்தது, 950 ஆயிற்று. பலகை நல்ல நிலையில் இருந்ததால் அதையே போட்டுவிட்டோம். மெத்தை நேற்று வந்தது, பில்லில் எல்லாம் எழுதி வாங்கிவிட்டேன். அம்மா உட்கார்ந்தால் பாதம் நன்றாகப் பதிகிறது. வலி பற்றிச் சில வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும், கட்டாயம் வந்து எழுதுகிறேன். கடைசியாக ஒன்று: மேலே சுற்றி வந்த பிளாஸ்டிக்கை அழுக்காகாமல் இருக்க அப்படியே விடலாம் என்கிறார் அம்மா. விடலாமா?

பொள்ளாச்சி நார்:
வேண்டாம் அக்கா, இன்றே கிழித்துவிடுங்கள். வேர்வை உள்ளேயே நின்று நாரில் வாடை அடிக்கும், காற்றுக்காக வாங்கிய காயர் வீணாகும். ஜன்னல் பக்கம் ஒரு பகல் நிமிர்த்தி வைத்துவிட்டு விரியுங்கள். முதல் முறை திருப்ப வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.