விளையை விற்று நியூ ஜெர்சியில் வீடு வாங்குமுன்

போன வாரம் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் போளியைப் பால்பாயசத்தில் பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்து இலையில் அத்தை பேரன். அமெரிக்கா போய் இரண்டு வருடம், இப்போது லீவுக்கு வந்திருக்கிறான். "மாமா, டவுன்ஹவுஸ் வாடகை கட்டுபடியாகல. தனி வீடு பார்க்கோம், நல்ல ஸ்கூல் உள்ள டவுன். ஒரு மில்லியன் வருது. ரப்பர் நிக்க விளையைக் கொடுத்துருவோம்னு அப்பா சொல்லுதாரு" என்றான். விளை என்றால் எங்கள் பக்கத்தில் தோட்டம். பாயசம் ஆறிப்போனது.

நான் அங்கே போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. அன்றைக்குப் பந்தியில் சொல்ல முடியாததையும் சேர்த்து அவனுக்கு எழுதுகிறேன். புதிதாகப் போன மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

நம் ஊரில் வீடு என்பது கட்டி முடித்தால் தீர்ந்தது. நாகர்கோவிலில் அரையாண்டுக்கு ஒருமுறை வீட்டு வரி கட்டுகிறோம், அதை ஒரு செலவாகவே யாரும் நினைப்பதில்லை. அந்த நினைப்போடு அங்கே வீடு பார்க்கப் போனால் முதலில் மயங்குவது இடத்தில்தான். அரை ஏக்கர் என்று போட்டிருப்பான். அதாவது 50 செண்ட்! கோட்டாறு பக்கம் ஐந்து செண்ட் கிடைக்க நாயாய் அலைந்தவன் என்ன செய்வான், வாயைப் பிளப்பான். அந்த 50 செண்டில் தென்னையும் வராது, மரச்சீனிக் கிழங்கும் வராது. புல் வரும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அதை வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும். வளரவிட்டால் டவுனிலிருந்து நோட்டீஸ் வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். விலையை விடு, மாதத்தைப் பார். பத்து லட்சம் டாலர் வீடு, 20 சதவீதம் கையிலிருந்து போடுகிறாய், மீதி 8 லட்சம் கடன். 30 வருடம், 6.5 சதவீத வட்டி என்று வை. மாதத் தவணை சுமார் 5,057 டாலர். அதில் முதல் மாதம் அசலுக்குப் போவது 720 சொச்சம்தான், மீதி 4,333 வட்டி. 2021 ஜனவரியில் 30 வருட வட்டி சராசரி 2.65 சதவீதம் வரை இறங்கியது. அப்போது வாங்கினவர்களும், பழைய கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றி ரீஃபைனான்ஸ் செய்தவர்களும் இன்றைக்கு வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். விற்பனைக்கு வரும் வீடு குறைவு, விலை இறங்காததற்கு அது ஒரு பெரிய காரணம்.

அந்தத் தவணையோடு சொத்து வரியைச் சேர். நியூ ஜெர்சியில் மாநிலச் சராசரியே 2024-இல் வருடத்துக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. நல்ல பள்ளி உள்ள டவுனில் பெரிய வீட்டுக்கு இருபதாயிரம் என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பாதிக்கு மேல் போவது பள்ளிக்கூடத்துக்கு. மாதம் 1,667. இன்சூரன்ஸையும் போட்டால் ஏழாயிரத்தைத் தொட்டுவிடும். பெரும்பாலும் பேங்கே வரியையும் இன்சூரன்ஸையும் எஸ்க்ரோ என்று தவணையோடு வசூலிக்கும். ஃபிக்ஸட் வட்டிதானே, தவணை மாறாது என்று நினைக்காதே, எஸ்க்ரோ வருடா வருடம் ஏறும்.

கட்டி முடித்த புது வீடு பார்ப்பதானால் இன்னொரு பொறி உண்டு. சில சமயம் லிஸ்டிங்கில், அதாவது விற்பனை விளம்பரத்தில், போட்டிருக்கும் வரி வெறும் மனைக்கு உள்ளது. நீ குடிபோன பிறகு கட்டடத்துக்கும் சேர்த்துப் பில் வரும்.

ஏழாயிரத்தை இரண்டு சம்பளத்தில் கட்டிவிடலாம். ஒரு சம்பளத்தில் கட்ட முடியுமா என்று கேட்டுக்கொள். எச்1பி வேலை விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வீட்டை விற்று முடிப்பது கஷ்டம். விற்றாலும், ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது குடியிருந்தால்தான் கணவன் மனைவி சேர்த்து 5 லட்சம் டாலர் லாபம் வரை வரி இல்லாமல் தப்பிக்கலாம். அதனால் இருக்கிற டவுன்ஹவுஸில் இன்னும் ஒரு வருடம் இருந்தால் தப்பில்லை என்பது என் கட்சி. என் பெண்டாட்டி இதை ஒத்துக்கொள்ள மாட்டாள், அது வேறு கதை.

இன்ஸ்பெக்‌ஷனை மட்டும் விட்டுவிடாதே, வாங்குமுன் ஆள் வைத்து வீட்டைச் சோதிப்பது அது. போட்டி அதிகம், வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் வீடு கிடைக்கும் என்று ஏஜென்ட் சொல்வார். பழைய வீட்டில் மண்ணுக்கடியில், வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கான டேங்க் புதைந்திருக்கலாம். கசிந்திருந்தால் மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு வீட்டுக்காரன் தலையில். கரையான், மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு, கழிவுநீர்க் குழாய் எல்லாம் பார்க்கச் சொல்.

நான் இன்ஸ்பெக்‌ஷன் செய்தேன், ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை. முப்பத்தோராம் பக்கத்தில், பேஸ்மென்டில், அதாவது நிலவறையில், ஊறும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்புக்கு, கரண்ட் போனால் ஓட பேட்டரி இல்லை என்று ஒரு வரி. 2021 செப்டம்பர் 1 ராத்திரி ஐடா புயலின் மிச்சம் நியூ ஜெர்சி மேல் கொட்டியது. கரண்ட் போனது, பம்ப் நின்றது. டார்ச்சோடு இறங்கினால் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் மகளின் முதல் பிறந்தநாள் ஆல்பம் பக்கம் பக்கமாகப் பிரிந்து மிதக்கிறது. இன்சூரன்ஸ்காரர், வெளியிலிருந்து வரும் வெள்ளம் பாலிசியில் வராது, பம்ப் நின்று ஏறும் தண்ணீருக்குத் தனியாக ரைடர் என்ற கூடுதல் காப்பு எடுத்திருக்க வேண்டும் என்றார். ஒக்கி புயலில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்த அம்மா போனில் கேட்டாள்: "பூமிக்குள்ள எதுக்கு மக்களே ரூம் கட்டுனானுவ?" இன்னும் எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

அம்மா என்றதும் இன்னொன்று. அப்பா அம்மா வந்து ஆறு மாதம் இருப்பார்கள். நான்கு பெட்ரூமும் மாடியில் இருக்கும் வீட்டை வாங்கிவிட்டு, முழங்கால் வலிக்காரரை ராத்திரி மூன்று தடவை படியேற வைக்காதே. கீழே ஒரு அறை, குளிக்கும் வசதியோடு ஒரு முழு பாத்ரூம் வேண்டும். அரை பாத்ரூம் என்று ஒன்று காட்டுவான், அதில் குளிக்க முடியாது.

இனி விளை. அது அப்பா பெயரில் இருக்கிறது. அவர் விற்று அனுப்பலாம், ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுமதி உண்டு. ஒரே வருடத்தில் உனக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் அன்பளிப்பாக வந்தால் அங்கே 3520 என்ற படிவம் போட வேண்டும். வரி இல்லை, ஆனால் போடாவிட்டால் அபராதம் பயங்கரம். கடன் கொடுக்கும் பேங்க்காரன் பணம் எங்கிருந்து வந்தது என்று துருவித் துருவிக் கேட்பான், அன்பளிப்புக் கடிதத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

வழி இருக்கிறது. ஆனாலும் விற்காதே. இப்போது கொடுத்துவிட்டால், பிறகு கையில் எவ்வளவு காசிருந்தாலும் அமெரிக்காவில் இருந்துகொண்டு தோட்டம் திரும்ப வாங்க முடியாது. வெளிநாட்டில் குடியிருப்பவர் இந்தியாவில் விவசாய நிலமும் தோட்டமும் விலைக்கு வாங்கச் சட்டம் விடாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ரப்பர் பால்வெட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அப்பா அலுத்துக்கொள்வது உண்மைதான். அதற்கு வழி பார்க்க ஊரில் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்றைக்குக் காலையில் அவன் ஒரு வீட்டின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். சமையலறை நன்றாக இருக்கிறது, பின்பக்கம் பெரிய மேப்பிள் மரம். கீழே அரை பாத்ரூம்தான். அதைத்தான் முதலில் எழுதி அனுப்பினேன்.