வேலையை விட்டு ஈராண்டுப் பயணம்: யோசனை வேண்டும்

கேள்வி:
மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் வசிக்கும் எனக்கு வயது 34. கணக்கர் வேலையை விட்டுவிட்டு, தைப்பூசக் காவடி முடிந்ததும் ஈராண்டுகள் ஐரோப்பாவையும் இந்தியாவையும் குறைந்த செலவில் சுற்றிவர எண்ணியுள்ளேன். நம் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் (பொது எல்லை விதிகள் கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விசா தேவையில்லை என்பதால் அங்கேயே ஓராண்டு தங்கிவிடலாமா? அம்மா இன்னும் முகம்கொடுத்துப் பேசவில்லை.

மறுமொழி 1:
முடியாது, சகோதரரே. ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் சேர்த்தே, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள்தான் அனுமதி. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். வெளியேறும் நாளை எண்ணாமல் விட்டிருந்த நான், எல்லைக் காவலர் முத்திரைகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியபோது வியர்த்துப்போனேன். மேலும், ஊர் ஊராக ஓடாமல் ஓரிடத்தில் ஒரு மாதம் அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டால்தான் சேமிப்பு தாங்கும்.

மறுமொழி 2:
மிச்ச மாதங்களை இந்தியாவில் கழியுங்கள். ஏழாம் தலைமுறை வரையிலான இந்திய வம்சாவளி மொரீஷியஸ்காரர்களும் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை பெறலாம் என்று 2024 மார்ச்சில், இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இங்கு வந்தபோது அறிவிக்கப்பட்டது. அட்டை கிடைத்தால் வாழ்நாள் முழுவதும் விசா கேட்கவேண்டியதில்லை. முன்னோர் சான்றுக்கு மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகத்தை நாடுங்கள். எங்கள் பூட்டனார் முனுசாமி ஆவணங்களில் ‘மூன்சாமி’ ஆகியிருந்தார். அந்த எழுத்து மாற்றத்துக்காகவே எனக்கு நான்கு மாதம் போயிற்று.

மறுமொழி 3:
முதலில் சம்பளமில்லா விடுப்புக் கேட்டுப் பாருங்கள். பயணத்தைப் பழனியில் தொடங்கி, அம்மாவையும் அதுவரை அழைத்துச் செல்லுங்கள், பேசிவிடுவார்.